196 பேருக்கு ஒரு கொம்யூன: கிரிப் தீவு தனி உள்ளாட்சியானதும் மறைந்ததும்

நோர்வேயின் மேற்குக் கரையில், கிறிஸ்தியான்சுண்ட் நகரத்திலிருந்து வடமேற்கே 14 கிலோமீட்டர் திறந்த கடலுக்குள் போனால் கிரிப் வரும். எண்பது சொச்சம் பாறைத் திட்டுகள். எல்லாவற்றையும் கூட்டினாலும் அரை சதுர கிலோமீட்டர் தேறாது. ஊர் என்று சொல்லும்படி வீடுகள் நெருக்கியடித்து நிற்பது அவற்றில் ஒன்றில்தான். அதன் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 8 மீட்டர். அங்கே 15ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. ஆறோ ஓடையோ இல்லை, மரமில்லை, உழுவதற்கு மண்ணுமில்லை.

இந்தப் பாறைதான் 1897 ஜனவரி 1 முதல் 1963 டிசம்பர் 31 வரை, 67 ஆண்டுகள், தனி கொம்யூனவாக இருந்தது. கொம்யூன என்பது நோர்வேயின் அடிப்படை உள்ளாட்சி அலகு: பள்ளி, ஏழை நிவாரணம், உள்ளூர் வரி, வரவு செலவுத் திட்டம் எல்லாம் அதன் பொறுப்பு. கிரிப் கொம்யூன தொடங்கியபோது மக்கள் 196 பேர், கலைக்கப்பட்டபோது 104 பேர். பரப்பிலும் ஆள்தொகையிலும் நாட்டிலேயே மிகச் சிறியது அதுதான்.

அது ஏன் மறைந்தது என்று கேட்டால் இரண்டு பதில்கள் வழக்கமாக வரும். கடல்தான் துரத்தியது என்பார்கள் சிலர், ஒஸ்லோவில் இருந்த அதிகாரிகள் ஒரு கோடு போட்டு அழித்துவிட்டார்கள் என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரு சிறு கொம்யூன எப்படி வரவு செலவை ஓட்டியது, மீன் யார் கை வழியாகப் போனது என்ற இரண்டையும் பார்க்காமல் கிரிப்பின் வரலாறு விளங்காது.

தனி கொம்யூன ஆனது எப்படி

1837 ஜனவரி 14இல் நோர்வே உள்ளாட்சிச் சட்டங்களை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு 1838இல் 392 கொம்யூனகள் நடைமுறைக்கு வந்தன. எல்லைகளைப் புதிதாக அளந்து போடவில்லை. ஏற்கெனவே இருந்த தேவாலயப் பங்குகளையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிரியாரின் பொறுப்பில் எத்தனை ஊர்களும் தீவுகளும் இருந்தனவோ, கிராமப்புறத்தில் பெரும்பாலும் அதுவே ஓர் உள்ளாட்சி. ஏழை நிவாரணமும் பள்ளியும் அதற்கு முன்பே பங்கின் வழியாகத்தான் நடந்தன. ஆகவே புதிய சட்டம் பழைய கணக்குப் புத்தகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபையை வைத்தது, அவ்வளவுதான்.

அதன் விளைவு அடுத்த நூறு ஆண்டுகளில் தெரிந்தது. ஒரு பெரிய பங்குக்குள் தனித் தேவாலயம் வைத்திருந்த உட்பங்குகள் பல. தங்கள் ஏழைகளுக்கும் பள்ளிக்கும் தாமே தனியாகச் செலவழித்தவை, "நம் வரிப்பணம் அடுத்த ஊருக்கு ஏன் போகவேண்டும்?" என்று கேட்டுப் பிரியத் தொடங்கின. 1838இல் 392 ஆக இருந்த எண்ணிக்கை 1930இல் 747. கடற்கரையில் இந்தப் பிரிவினை இன்னும் இயல்பாக நடந்தது, ஏனென்றால் பங்கின் நடுவே கடல் கிடந்தது. கூட்டத்துக்குப் போக ஒரு நாள், காற்று திரும்பினால் காத்திருக்க இன்னும் மூன்று நாள் என்றால், வெளித்தீவுக்காரர் சபையில் உட்கார்வது பெயரளவில்தான். கிரிப் பிரிந்த அதே 1897 ஜனவரி 1இல்தான் பக்கத்துக் க்வேர்னெஸ் கொம்யூனவும் உடைந்து, பிரெம்ஸ்னெஸும் எய்தெயும் தனித்தனியாயின. அந்தக் காலத்தின் போக்கில் கிரிப் ஒன்றும் விநோதம் அல்ல. அளவுதான் விநோதம்.

அளவு என்ன செய்தது என்று பாருங்கள். 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி கிராமப்புறக் கொம்யூனவுக்கு 3 முதல் 9 வரை நிர்வாக உறுப்பினர்கள், அதற்கு மூன்று மடங்கு பிரதிநிதிகள். ஆகக் குறைந்த அளவை எடுத்தாலும் 12 பேர் சபையில் வேண்டும். 196 பேரில் குழந்தைகளைக் கழித்து, அந்நாளில் தேர்தலுக்கு வெளியே இருந்த பெண்களைக் கழித்தால், வளர்ந்த ஆண்கள் ஐம்பது பேர் மிஞ்சினால் பெரிது. (பெண்களில் ஒரு பகுதியினர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குப் பெற்றது 1901இல், எல்லோரும் பெற்றது 1910இல்.) அந்த ஐம்பதில் பன்னிரண்டு பேர் சபையில் என்றால் ஏறத்தாழ நாலு ஆண்களில் ஒருவர். பள்ளிக் குழு, ஏழை நிவாரணக் குழு, வரி மதிப்பீடு என்று அடுத்தடுத்த பொறுப்புகளுக்கும் அதே ஆட்கள்தான் கிடைப்பார்கள். வரி விதிப்பவனும் கட்டுகிறவனும் ஒரே படகில் துடுப்புப் போடும் நிர்வாகம் அது. அதில் நேர்மைக்குக் கஷ்டம் இல்லை, ஒளிக்க இடமில்லாததால். தூரம்தான் இல்லை. விதவைக்கு எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்பவர் அவளுடைய கொழுந்தனாக இருப்பார்.

நிவாரணக் கணக்குதான் சிறு கரையோரக் கொம்யூனகளின் உயிர்நாடி, அதேபோல் கழுத்துச் சுருக்கும். ஓர் ஊரில் குறிப்பிட்ட காலம் குடியிருந்துவிட்டால் அங்கே நிவாரணம் கேட்கும் உரிமை வந்துவிடும். ஆகவே "இந்த ஆள் யாருடைய பொறுப்பு?" என்று கொம்யூனகள் ஒன்றோடொன்று கடிதப் போர் நடத்தின. உள்நாட்டு விவசாய ஊரில் வறுமை மெல்ல வரும். மீனவத் தீவில் ஒரே பிற்பகலில் வரும். ஐந்து பேர் போன படகு கவிழ்ந்தால் ஐந்து வரி கட்டுபவர்கள் போனார்கள், ஐந்து குடும்பங்கள் நிவாரணப் பட்டியலில் ஏறின. மூவாயிரம் பேர் உள்ள கொம்யூன இதைத் தாங்கும். இருநூறு பேர் உள்ளதற்கு அது அந்த ஆண்டு வரவு செலவின் முதுகெலும்பையே முறிக்கும். வரியை உயர்த்தலாம், ஆனால் உயர்த்துவது உயிரோடு திரும்பி வந்தவர்கள்மீதுதான்.

இன்னொன்று. கிரிப்பின் செல்வம் கிரிப்காரருக்கு முழுவதும் வரி தரவில்லை. காட் மீன் பருவத்தில் வெளியூர்ப் படகுகள் வந்து குவியும், தீவின் நிரந்தர மக்களைவிடப் பருவ மீனவர் அதிகமாக இருப்பார்கள். ஆனால் அவர்களுடைய வருமான வரி அவரவர் குடியிருக்கும் கொம்யூனவுக்குப் போகும். சுமை கிரிப்பில், வரவு வேறெங்கோ. பருவக் கடல்தொழில் நடந்த கரையோரக் கொம்யூனகள் பலவற்றுக்கும் இதே பாடுதான்.

மீன் போன வழி

பேரன்ட்ஸ் கடலில் வளரும் காட் மீன், முட்டையிடும் வயது வந்ததும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நோர்வேக் கரையோரமாகத் தெற்கே இறங்கும். பெரும் கூட்டம் வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் நிற்கும், ஒரு பகுதி கிரிப் இருக்கும் மோரே கரைவரை வரும். கிரிப் அந்தப் பாதையின் வாசலில் உட்கார்ந்திருந்தது. பாய்மரமும் துடுப்பும் மட்டும் இருந்த காலத்தில் இதன் விலை மிகப் பெரிது. நகரத்திலிருந்து புறப்படுகிறவன் குளிர்காலத்தின் குறுகிய பகல் வெளிச்சத்தில் மூன்று மணி நேரத்தைப் போகவும் வரவும் தொலைக்கிறான் என்றால், கிரிப்பில் படுத்து எழுந்தவன் விடியும்போதே வலையில் கை வைத்துவிடுவான். மண்ணில்லாத, தண்ணீருக்கு மழையை நம்பிய அந்தப் பாறையில் நூற்றாண்டுக்கணக்காக மனிதர்கள் குடியிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பிடித்த மீன் கிறிஸ்தியான்சுண்டுக்குப் போனது. 1690களில் டச்சு வணிகர் யாப்பே இப்பெஸ் உப்பிட்டு உலர்த்தும் 'கிளிப்ஃபிஸ்க்' தொழிலை இங்கே தொடங்கினார். 1742இல் மன்னர் ஆறாம் கிறிஸ்தியான் நகர உரிமை வழங்க, ஊர் அவர் பெயரையே எடுத்துக்கொண்டது. ஸ்பெயின், போர்த்துக்கல், பின்னர் பிரேசில்: கத்தோலிக்க நாடுகளின் நோன்புக் கால உணவு இந்த நகரத்தின் சோறு ஆயிற்று.

கிளிப்ஃபிஸ்க்கை நம் கருவாட்டோடு வைத்துப் பார்த்தால் வேலையின் நுணுக்கம் புரியும். வெயில் அதிகம் உள்ள நாட்டில் ஈரத்தை விரட்டுவது எளிது, கெடாமல் விரட்டுவதற்கு அவசரப்பட்டாலும் பரவாயில்லை. 63 பாகை வட அகலாங்கில் கதை வேறு. முதலில் உயிரோடிருக்கும்போதே இரத்தம் வடிக்கவேண்டும், இல்லாவிட்டால் சதை பழுப்பேறும். தலையையும் குடலையும் நீக்கி, வயிற்றுப் பக்கமாகப் பிளந்து, முதுகெலும்பின் மேல்பகுதியை, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, வெட்டியெடுப்பார்கள். வால் பக்கத்து எலும்பு மட்டும் மீனைத் தட்டையாகப் பிடித்து நிற்க விடப்படும். எலும்போரம் இரத்தம் தங்கினால் கெட்டுப்போவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

பிறகு தோல் கீழே இருக்கும்படி ஓர் அடுக்கு மீன், மேலே கல்லுப்பு, மறுபடி மீன் என்று குவியல். மூன்று வாரமாவது கிடக்கவேண்டும். நடுவில் ஒருமுறை குவியலைக் கலைத்து மேலே இருந்ததைக் கீழே மாற்றுவார்கள், அழுத்தமும் உப்பும் எல்லா மீனுக்கும் சமமாகப் போய்ச் சேருவதற்கு. அதன்பின் கழுவி, பனிப்பாறைகள் தேய்த்து வழவழப்பாக்கிய கரைப் பாறைகளில் பரப்புவார்கள். புல்லும் மண்ணும் இல்லாத பாறைதான் வேண்டும். மண் ஒட்டினால் விலை விழும். பகலில் விரிப்பது, மாலையில் எடுத்து வட்டக் குவியலாக அடுக்கி மூடி போட்டுக் கல் வைப்பது என்று வாரக்கணக்கில் நடக்கும். நகரத்தில் இந்த வேலையின் பெரும்பகுதி பெண்களுடையது. கிறிஸ்தியான்சுண்ட் துறைமுகத்தில் அவர்களுக்குச் சிலையே உண்டு.

தவறுவது மூன்று இடத்தில். மழையில் நனைந்தால் மேற்பரப்பு பிசுபிசுத்து வேலை பின்னோக்கிப் போகும். வெயில் திடீரென்று கடுமையானால் சதை வெந்து அடுக்கடுக்காக உதிரும், அதைப் பிறகு எதுவும் சரிசெய்யாது. அதனால் உச்சி வெயிலில் தோல் பக்கத்தை மேலே புரட்டிவிடவேண்டும். இரவுக் குவியல் வெறும் பாதுகாப்புக்காக அல்ல: அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு வரும், மறுநாள் வெயில் அதை எடுத்துப் போகும். குவியல் போடாமல் தொடர்ந்து காயவைத்தால் வெளியே மரக்கட்டை, உள்ளே ஈரம். மூன்றாவது, வெப்பமான கிட்டங்கியில் உப்பை விரும்பும் நுண்ணுயிர் வளர்ந்து மீன் இளஞ்சிவப்பாகும். உப்பு கூடக்கூட எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கையை அந்தச் சிவப்புப் பொய்யாக்கும், ஏனென்றால் அது உப்பிலேயே வருவது. முடிவில் முழு மீனின் எடையில் நான்கில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில்தான் கையில் நிற்கும்.

இதில் கிரிப்பின் இடம் என்ன? மீனைப் பிடித்துக் கொடுப்பது. உப்பு, கிட்டங்கி, கப்பல், கடன் எல்லாம் நகர வணிகரிடம். நோர்வேக் கரையின் மீன்பிடி ஊர்கள் பலவற்றில் நிலமும் குடிசையும் இறங்குதுறையும் ஒரே உரிமையாளருடையதாக இருந்தன. குடியிருக்க இடம் தருபவனே மீன் வாங்குபவன், அவனே மாவும் கயிறும் கடனுக்குத் தருபவன். அந்த ஏற்பாட்டில் விலையைக் கேட்டுச் சண்டை போட முடியாது. தெருவில் நிற்க வேண்டியிருக்கும், அதுவும் நடுக்கடலில். சட்டப்படி 1897இலிருந்து கிரிப் தன்னைத் தானே ஆண்டது. சந்தையில் அது ஆண்டதில்லை.

சந்தையும் எங்கேயோ தீர்மானமாயிற்று. ஒரு உதாரணம் போதும். 1910களின் இறுதியில் நோர்வே மதுவிலக்கை மேற்கொண்டு சாராயத்தோடு ஷெர்ரி, போர்ட் போன்ற கடும் வைன்களையும் தடுத்தது. வைன் விற்ற நாடுகளே கிளிப்ஃபிஸ்க் வாங்கிய நாடுகளும். ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் நோர்வேயின் மீனுக்கு எதிராக வரிச் சுவர் எழுப்பின. 1923இல் நோர்வே இறங்கி வந்து கடும் வைனை மீண்டும் அனுமதித்தது. ஒழுக்கம் பேசி வாக்களித்தவர்கள் உள்நாட்டில் இருந்தார்கள், அதன் விலையைக் கொடுத்தது கரையோரம்.

1938 வந்தது. பச்சை மீன் சட்டம் அந்த ஆண்டு மீனவர்களின் விற்பனைக் கூட்டமைப்புக்கு முதல் விற்பனையின் தனியுரிமையைக் கொடுத்தது. குறைந்தபட்ச விலையைக் கூட்டமைப்பு வைக்கும், அதற்குக் கீழே வாங்க முடியாது. கிறிஸ்தியான்சுண்டைச் சுற்றிய நூர்மோரேப் பகுதி தொடங்கி வடக்கே ஃபின்மார்க் வரை, நோர்கெஸ் ரோஃபிஸ்க்லாக் என்ற கூட்டமைப்பின் எல்லை. நோர்வே மீனவர் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை என்பது என் கருத்து. ஆனால் கிரிப்புக்கு அது ஒரு வழியை மூடிக்கொண்டே திறந்தது. விலை எங்கும் ஒன்று என்றால், மீனை எங்கே இறக்குவது வசதியோ அங்கே இறக்கலாம். வசதி நகரத்தில்.

மோட்டார் வந்த பிறகு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன்பிடிப் படகுகளில் மோட்டார் ஏறத் தொடங்கியது. கிரிப்பின் ஒரே மூலதனம் தூரம்: மீனுக்கு அருகில் இருப்பது. இயந்திரம் அந்த மூலதனத்தைத் தின்றது. 14 கிலோமீட்டர் என்பது மோட்டார் படகுக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. நகரத்தில் வீடு, குழந்தைகளுக்குப் பள்ளி, மனைவிக்கு மீன் ஆலையில் வேலை, காலையில் கிளம்பினால் அதே மீன்பிடி தளம். தீவில் தங்குவதற்கு என்ன காரணம் மிச்சம்?

அதோடு படகுகள் பெரிதாயின. ஆழமான துறை, ஐஸ், எரிபொருள், பழுதுபார்க்க இயந்திரக்காரர் எல்லாம் வேண்டும். கிரிப்பின் துறை பாறைகளுக்கிடையே குறுகலான நீர்வழி. சிறு படகுக்கு அது தாய்மடி, பெரிய படகுக்குப் பொறி. கரையோரம் முழுவதும் இதே பாணி: வெளிக்கடல் ஊர்கள் பாய்மரக் காலத்தில் வளர்ந்து, மோட்டார் காலத்தில் தேய்ந்தன.

இங்கே புயலைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் சுற்றுலாக் கையேடுகள் அதிலிருந்துதான் தொடங்கும். 1640இலும் 1796இலும் பெரும் புயல்கள் வீடுகளில் பெரும்பாலானவற்றைக் கடலுக்கு இழுத்துப் போயின. மேட்டில் இருந்த தேவாலயம் தப்பியது. இரண்டு முறையும் மக்கள் திரும்பி வந்து கட்டினார்கள். வீடுகளை மொத்தமாக இழந்தும் போகாதவர்கள், 1960களில், அலை தொடாத வீடுகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். கடல் துரத்தியது என்ற விளக்கம் இந்த இடத்தில் நொறுங்கிவிடுகிறது. மீன் அருகில் இருக்கும்வரை புயல் ஒரு செலவு. மீனின் அருகாமைக்கு விலை போனபின் சாதாரணக் காற்றே போதும்.

தேவாலயம் பற்றி இரண்டு வரி. 1470 வாக்கில் கட்டப்பட்டு 1621இல் பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட மரத்தூண் தேவாலயம் இது. நோர்வேயில் எஞ்சியிருக்கும் 28 மரத்தூண் தேவாலயங்களில் ஒன்று, மிகச் சிறியவற்றில் ஒன்றும்கூட. உள்ளே கதவு வைத்த பலிபீடப் பெட்டி: நடுவில் கன்னி மரியா, பக்கங்களில் புனித ஓலாவும் புனித மார்கரெட்டும். 1515இல் மன்னர் இரண்டாம் கிறிஸ்தியானை மணக்க வந்த ஹாப்ஸ்பர்க் இளவரசி இசபெல்லா கொடுத்த காணிக்கை என்பது செவிவழிக் கதை. இதே குடும்பத்தைச் சேர்ந்த பெட்டிகள் லேக்காவிலும் ரோஸ்டிலும் இருக்கின்றன, அதாவது மீன்பிடிக் கரையின் வெளிவிளிம்பு நெடுக. அரசியின் நன்றியைவிட மீன் வணிகத்தின் வலையமைப்பு இதற்கு நல்ல விளக்கம் என்று படுகிறது. அருகிலேயே ஒரு தனிப் பாறையில் 1888இல் எழுப்பிய, 40 மீட்டருக்கும் மேற்பட்ட சிவப்புக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஒரு கொம்யூனவின் மொத்த மக்களைவிட ஒரு விளக்கின் பெறுமதி அரசுக்கு அதிகமாகத் தெரிந்த இடம் என்று கோபக்காரர் சொல்லலாம். கடற்பாதையில் போகிற கப்பல்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஷெய் குழு

1946இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. தலைவர் சொங் ஓ ஃபியூரானே மாவட்ட ஆளுநர் நிக்கொலாய் ஷெய். கேள்வி ஒன்றே ஒன்று: போருக்குப் பிந்திய நலன்புரி அரசு கொம்யூனகளின் தோளில் ஏற்றப்போகும் வேலைகளை 700க்கும் மேற்பட்ட சிறு அலகுகள் சுமக்குமா? குழுவின் பதில்: ஓர் அலகுக்கு 2,500 முதல் 3,000 பேராவது வேண்டும்.

அந்த எண்ணின் பின்னால் இருந்த தர்க்கம் எளிது. 1959ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் ஒன்பது ஆண்டுக் கல்விக்கு வழி திறந்தது, 1969இல் அது கட்டாயமாயிற்று. மேல் வகுப்புகளுக்குப் பாடவாரியாக ஆசிரியர்கள் வேண்டும், ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் ஒரே அறையில் நடத்துவது இனி செல்லாது. 1964இல் பழைய ஏழை நிவாரணத்தின் இடத்தில் சமூகப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதற்குக் கொழுந்தன் போதாது, பயிற்சி பெற்ற அலுவலர் வேண்டும். முழுநேரக் கணக்காளர், பொறியாளர், கட்டடத் திட்டம் என்று பட்டியல் நீண்டது. நூறு பேருக்கு ஒரு முழுநேர அலுவலர் வைத்தாலும், மற்றச் சம்பளக்காரரின் வரி முழுக்க அவருக்கே போய்விடும்.

1957இல் 744 ஆக இருந்த கொம்யூனகள் 1967இல் 454. பல சபைகள் எதிர்த்து வாக்களித்தன, கடைசிச் சொல் நாடாளுமன்றத்துடையது. நூர்மோரேயில் இந்த அலை எப்படிப் போயிற்று என்றால், 1960இல் எதோய், பிராத்வேர், ஹோபென் சேர்ந்து ஸ்மோலா. 1964 ஜனவரி 1இல் பிரெம்ஸ்னெஸ், க்வேர்னெஸ், கோர்ன்ஸ்தாத் சேர்ந்து ஆவெரோய். 1897இல் பிரிந்தவை 67 ஆண்டுக்குப்பின் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்தன. அதே நாளில் கிரிப் கிறிஸ்தியான்சுண்டோடு சேர்ந்தது.

கிரிப்புக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. ஷெய் குழுவின் முறை மையமும் அதைச் சார்ந்த சுற்றுவட்டமும் என்பது: எந்த ஊர்ச் சனம் எந்த ஊருக்குக் கடைக்கும் மருத்துவருக்கும் போகிறதோ, அது ஒரே அலகு. ஆவெரோய்க்குச் சாலைகள் பின்னால் வந்து அந்த இணைப்பை மெய்யாக்கின. 1989இல் அட்லாண்டிக் சாலை எட்டுப் பாலங்களோடு ஆவெரோயை எய்தெயோடு கட்டியது. 1992இல் கிறிஸ்தியான்சுண்டுக்கு நிலவழி வந்தது. 2009 டிசம்பரில் 5.7 கிலோமீட்டர் நீளமும் 250 மீட்டர் ஆழமும் உள்ள கடலடிச் சுரங்கம் ஆவெரோயை நகரத்தோடு சேர்த்தது. 2008இல் பிரெய் கொம்யூனவும் நகரத்துக்குள் வந்தது. கிரிப்புக்கு மட்டும் எந்தப் பாலமும் வரப்போவதில்லை என்பது 1964லேயே எல்லோருக்கும் தெரியும். மற்ற இடங்களில் இணைப்பு என்பது புதிய மையத்துக்குச் சாலை. இங்கே இணைப்பு என்பது முகவரி மாற்றம்.

அப்படியானால் இணைப்புதான் ஊரைக் கொன்றதா? எண்களைப் பாருங்கள். 196 பேர் 104 ஆகக் குறைந்தது தனி கொம்யூனவாக இருந்த காலத்தில், சொந்தச் சபை, சொந்த வரி எல்லாம் கையில் இருக்கும்போது. இணைப்பு அதைத் தொடங்கவில்லை. ஆனால் வேகப்படுத்தியது என்று நினைக்க நியாயம் உண்டு. தன் பள்ளியைத் தானே வைத்திருக்கும் ஊர், குழந்தை குறைந்தாலும் கடைசிவரை இழுத்துப் பிடிக்கும். நகர சபையின் செலவுப் பட்டியலில் அது ஒரு வரி. பள்ளி போனால் இளம் குடும்பம் போகும், கடை போகும், அஞ்சல் படகின் முறை குறையும், மிச்சம் முதியவர்கள். 1974இல் கடைசி நிரந்தரக் குடிகளும் வெளியேறினார்கள். இணைந்து பத்தே ஆண்டு.

இன்று வீடுகள் வண்ணம் மங்காமல் நிற்கின்றன. பழைய குடும்பங்களின் வாரிசுகளும் நகரத்தவரும் கோடை வீடாக வைத்திருக்கிறார்கள். கோடையில் கிறிஸ்தியான்சுண்டிலிருந்து படகு ஓடும், தேவாலயத்தில் வழிபாடும் திருமணங்களும் நடக்கும். காற்று மாறினால் படகு நிற்கும், ஆகையால் திரும்பும் நாளில் விமானம் வைத்துக்கொண்டு போவது புத்திசாலித்தனமல்ல.

ஆவணங்களில் தேடுபவர்களுக்கு

மறைந்த கொம்யூன ஒன்றின் எண்ணிக்கைகளைத் தேடுகிறவர் சறுக்குவது பெரும்பாலும் எல்லையில்தான். நோர்வேயின் 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் ஆவணக் காப்பகத்தின் இணையப் பதிப்பில் பெயர்வாரியாகக் கிடைக்கின்றன. அவற்றில் கிரிப் தனி அலகு. 1891இலும் அதற்கு முன்னும் தேடினால் கொம்யூன பெயரில் வராது, தேவாலயப் பங்கின் பெயரில்தான் வரும். 1964க்குப் பின் கிறிஸ்தியான்சுண்டுக்குள் கலந்துவிடும். ஆகவே 1950இன் நகர மக்கள்தொகையை 1970இன் எண்ணோடு ஒப்பிட்டு "வளர்ச்சி" என்று எழுதுவதற்கு முன், நடுவே எந்தெந்தத் துண்டுகள் வந்து ஒட்டின என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது பருவம். 1900 கணக்கெடுப்பு டிசம்பர் 3, 1910இன் கணக்கெடுப்பு டிசம்பர் 1. காட் பருவம் ஜனவரியில். எனவே கூட்டம் கூட்டமாகப் பருவ மீனவர் தங்கிய தீவு, கணக்கில் வெறும் நூற்றுச் சொச்சம் பேருடைய ஊராகத் தெரியும். கணக்குத்தாளில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் இருக்கும்: குடியிருப்பவர், தற்காலிகமாக இருப்பவர், தற்காலிகமாக வெளியே போனவர். கரையோர ஊர்களில் இந்தப் பத்தியைப் படிக்காமல் வெறுமனே பெயர்களை எண்ணினால் ஒரே ஆள் இரண்டு ஊரில் வருவார்: வீட்டில் 'போனவர்', இன்னோர் இடத்தில் 'இருப்பவர்'.

மூன்றாவது, குறியீட்டு எண். 1946 முதல் ஒவ்வொரு கொம்யூனவுக்கும் நான்கு இலக்க எண் உண்டு, முதல் இரண்டு இலக்கம் மாவட்டம். மோரே ஓ ரொம்ஸ்தாலில் கிரிப் 1555. பக்கத்து 1554 பிரெம்ஸ்னெஸ். ஆனால் 1964க்குப் பின் அதே 1554 புதிய ஆவெரோய்க்குக் கொடுக்கப்பட்டது, எல்லை மாறி எண் மாறாமல். கிறிஸ்தியான்சுண்டோ தலைகீழ்: முதலில் 1503, 2008இல் பிரெய் சேர்ந்தபின் 1505. எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு அட்டவணையை ஓட்டுகிறவருக்கு 1554இல் பொய்யான தொடர்ச்சியும் 1503இல் பொய்யான முறிவும் கிடைக்கும். 1555க்கு அந்தத் தொல்லை இல்லை, அது 1964இலேயே ஓய்வுபெற்றுவிட்டது.

பெயர்வாரித் தாள்கள் நூறு ஆண்டுக்குப் பிறகுதான் திறக்கப்படும். 1920இன் தாள்கள் 2020 டிசம்பரில் வெளிவந்தன. 1930இல் கிரிப்பில் யார் யார் இருந்தார்கள், என்ன தொழில் என்று வீடுவீடாகப் பார்க்க 2030 டிசம்பர்வரை பொறுக்கவேண்டும்.